அம்மம்மாவுக்கு ரோபோப் பூனை அனுப்பலாமா?

தங்கச்சி, மறதி நோயோடு கல்லடி முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மம்மா, வீட்டில் விட்டு வந்த பூனையைத் தேடி இரவில் அழுகிறார், கனடா மாமா ரோபோ வாங்கி அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் ஜப்பானின் பாரோ என்ற ரோபோ வேண்டாம். 2009இல் அமெரிக்கா அதை மருத்துவக் கருவியாகவே ஏற்றுக்கொண்டது, அவ்வளவு நல்லது. ஆனால் விலை ஆயிரக்கணக்கான டொலர், உருவமும் கடல்நாய்க் குட்டி. அம்மம்மா தேடுவது பூனையை அல்லவா?

2015இல் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பனி கொண்டுவந்த ஜோய் ஃபோர் ஓல் என்ற ரோபோப் பூனை போதும். தடவினால் குறுகுறுக்கும், மியாவ் என்னும், வயிற்றைக் காட்டிப் புரளும். பக்கத்துக் கட்டில்காரர் தூங்க வேண்டுமென்றால் சத்தத்தை மட்டும் நிறுத்தலாம். தண்ணீரில் கழுவக் கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள்.

உயிருள்ளது என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள். "இது பற்றரியில ஓடுறது அம்மம்மா, மடியில வச்சுப் பாருங்களன்" என்று சொல்லி, முதல் முறை நீங்களே கூட இருங்கள். பயந்து தள்ளினால் விட்டுவிடுங்கள். பூனை வந்துவிட்டது என்று நீங்கள் போய்க் கதைப்பதைக் குறைத்துவிடாதீர்கள், அவருக்கு அதுதான் முக்கியம். அப்புறம், நாலு பெரிய 'சி' பற்றரி வேண்டும். அதை யார் மாற்றுவது என்று இல்லப் பொறுப்பாளரிடம் இப்போதே பேசி வையுங்கள்.