தண்ணீர் மூலக்கூறு ஏன் வளைந்திருக்கிறது?

ஓர் அணுவிலிருந்து கிளம்பும் இரண்டு பிணைப்புகளுக்கு இடையே உள்ள விரிவே பிணைப்புக் கோணம். நடு அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று தள்ளி, முடிந்தவரை விலகி நிற்கும். மீத்தேனில் அப்படி உள்ள நான்கு இரட்டைகளுமே அணுக்களைப் பிணைக்கும் பிணைப்பு இரட்டைகள், கோணம் 109.5 டிகிரி. அம்மோனியாவில் நான்கில் ஒன்று பிணைப்பில் சேராத தனித்த இரட்டை, கோணம் 107. தண்ணீரில் அப்படி இரண்டு, 104.5.

தனித்த இரட்டை அதிக இடம் பிடித்துக் கோணத்தைச் சுருக்குகிறது. அதற்கு மட்டும் ஏன் அதிக இடம்? பாம்பன் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இது எளிது. இரு முனையிலும் கயிறு கட்டிய படகு ஒடுங்கி நிற்கும். ஒற்றை நங்கூரத்தில் கிடக்கும் வள்ளமோ கச்சான் காற்றில் சுழன்று பக்கத்துப் படகுகளை நெருக்கும். பிணைப்பு இரட்டையை இரண்டு அணுக்கருக்கள் பிடித்திருக்கின்றன. தனித்த இரட்டையை ஒன்றுதான். (எலக்ட்ரானுக்குக் காற்றடிப்பதில்லை, உவமையை அதற்குமேல் இழுக்க வேண்டாம்.)

ஹைட்ரஜன்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் கோணம் சுருங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அவற்றை நெருங்க வைப்பது ஈர்ப்பு அல்ல, எதிர்ப்பக்கத்துத் தனித்த இரட்டைகளின் தள்ளல்.