மைனஸ் 18: ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத வருவதற்கு முன்பு நீங்கள் வண்டி ஓட்டியவர் என்று தெரிந்தபின்தான் இதைக் கேட்கத் துணிந்தேன். எனக்கு 24 வயது, குளச்சல் பக்கம். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை, இரண்டு தடவை போய் வாந்தி எடுத்ததோடு சரி. மூன்று வருஷமாக உள்ளூரில் டெம்போ ஓட்டுகிறேன். ஹெவி லைசென்ஸும் எடுத்தாகிவிட்டது. இப்போது ஃப்ரீசர் வண்டிக்குக் கூப்பிடுகிறார்கள். கொச்சி, சென்னை, சில சமயம் டெல்லி வரை ஓட்டம். சாதா லாரியைவிடச் சம்பளம் கூட என்கிறார்கள். "கடலுக்கு வராதவன் ரோட்டில் போய்க் கிடக்கப் போகிறானாம்" என்று அப்பா சத்தம் போடுகிறார். போகலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

சம்பளம் கொஞ்சம் கூடத்தான். எதற்காகக் கூட என்று தெரிந்துகொண்டு போங்கள்.

நான் 9 வருஷம் ஓட்டினேன். ஆரம்பத்தில் ஓட்டுவதற்குத்தான் கூலி என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் நள்ளிரவில் ஒரு மீன் கம்பெனியில் உறைய வைத்த கணவாய் மீன் ஏற்றினார்கள். தூக்கக் கலக்கத்தில், நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். வண்டியின் குளிரூட்டும் மெஷினில் மைனஸ் 18 டிகிரி வைத்து, வழியில் எங்கேயும் கதவைத் திறக்காமல் சென்னை போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒருவர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, கணவாய்க்குள் தெர்மாமீட்டர் கம்பியைச் செருகினார். மைனஸ் 9. சரக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். ஏற்றும்போதே அது சரியாக உறைந்திருக்கவில்லை. ஆனால் என் கையெழுத்துக்கு மேலே மைனஸ் 18 என்று எழுதியிருந்ததே! மூன்று மாதம் என் பேட்டாவில், அதாவது தினப்படியில், பிடித்தார்கள்.

வண்டியிலிருக்கும் மெஷின் சரக்கை உறைய வைக்காது. உறைந்து வந்ததை அப்படியே வைத்திருக்கும், அவ்வளவுதான் அதன் சக்தி. இதை எந்த முதலாளியும் முதல் நாள் சொல்லித் தருவதில்லை. அதனால் சொந்தக் காசில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் முன் இரண்டு பெட்டியாவது பாருங்கள். எந்தப் பெட்டி என்று நீங்களே கை காட்ட வேண்டும், அவர்கள் எடுத்துத் தருவது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். காலி வண்டியை முன்கூட்டியே குளிரவையுங்கள். கதவு திறந்திருக்கும்போது மட்டும் மெஷினை அணைத்துவிடுங்கள். நம்மூர்க் காற்றின் ஈரமெல்லாம் மெஷினின் காயிலில், அதாவது குளிரூட்டும் குழாயில், ஐஸாகப் பிடித்துக்கொண்டால் அப்புறம் உள்ளே காற்றே போகாது. கூரை வரை அடுக்கவும் விடாதீர்கள். லோடுமேன்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. மெஷினின் எஞ்சின் தனி, அதற்கு டீசல் டேங்கும் தனி. நீங்கள் ஓரங்கட்டிப் படுத்தாலும் அது உங்கள் தலைக்குப் பின்னால் உறுமிக்கொண்டே இருக்கும். முதல் வாரம் அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது. ஒரு மாதம் போனால் சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும், பதறி எழுந்து டீசல் பார்ப்பீர்கள். வண்டி ஓட்டுவதை விட்டு இத்தனை வருஷமாகியும், ராத்திரி கரண்டு போய் ஃபேன் நின்றால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். மனைவிக்கு இது இன்னும் வேடிக்கை.

மே மாத நாக்பூரில் முதுகுக்குப் பின்னால் மைனஸ் 18, நம் சீட்டில் 45. 2025 அக்டோபர் 1க்குப் பிறகு தயாராகும் லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம். உங்களுக்குத் தரப்போவது எந்த வருஷத்து வண்டி என்று கேட்டுவிடுங்கள். டெல்லி ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. லைனில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. கூட இன்னொரு டிரைவர் உண்டா என்பதை மட்டும் கறாராகக் கேளுங்கள். கிளீனரைக் காட்டி "இவனும் ஓட்டுவான்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் மீன்பிடித் தடைக்காலம். தமிழ்நாட்டில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும்தான் இரண்டு. சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, உங்கள் குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த மாதங்களில் மீன் லோடு குறையும், பேட்டாவும் குறையும். அப்போது ஐஸ்கிரீமோ வெண்ணெயோ ஓட்டுகிறார்களா, வண்டியை நிறுத்திவிட்டு உங்களை வீட்டுக்கு அனுப்புகிறார்களா? சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைவிட இதைக் கேளுங்கள். மீன் ஏற்றிய வண்டியில் திரும்பும்போது வெண்ணெய் ஏற்ற வேண்டுமென்றால் வாடை போகக் கழுவ வேண்டும். அந்தக் கழுவல் கூலி யார் தலையில் என்பதையும் சேர்த்துத்தான்.

ஆனி, ஆடியில் காலி வண்டியோடு ஆரல்வாய்மொழி மலைக் கணவாயைக் கடக்கும்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்றுக்கு உயரமான காலிப்பெட்டி ஒரு பாய்மரம். முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலில் எல்லாரும் நிறுத்துவார்கள். நீங்களும் நிறுத்துங்கள், ஒரு டீயாவது குடிக்கலாம்.

அப்பாவிடம் சண்டை போட வேண்டாம். நாள்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் தங்கு தொழிலுக்குப் போகிறவரென்றால் ஐஸைப் பற்றி உங்கள் முதலாளியைவிட அவருக்கு அதிகம் தெரியும். முதல் நாள் பட்ட மீன் கரை சேரும்வரை கெடாமலிருக்க எவ்வளவு ஐஸ், எங்கே எப்படிப் போடுவார்கள் என்று ஒருநாள் சாவகாசமாகக் கேளுங்கள். முதல் டிரிப் டெல்லி வேண்டாம், கொச்சி போதும். ஒரு ராத்திரி ஓட்டம். மறுநாள் வீட்டுக்கு வந்து அவரிடமே சொல்லுங்கள், எப்படி இருந்ததென்று.