செலுத்திய செல் போய்ச் சேர்ந்ததா? மகளின் படிப்பு பற்றிக் கேட்ட அம்மாவுக்கு என் பதில்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் ப்ளஸ் டூவில் பயோ-மேத்ஸ், நீட் எழுத விருப்பமில்லை என்கிறாள், உடம்புக்குள் செலுத்தும் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) எங்கே போகிறது என்று எம்.ஆர்.ஐ.யில் பார்க்கும் ஆராய்ச்சிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், வீட்டில் யாருக்கும் அது என்னவென்றே புரியவில்லை. "இப்படி ஒரு படிப்பு நிஜமாகவே இருக்கிறதா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை இருக்கிறது. அந்தப் பெயரில் நம்பிச் சேரக்கூடிய இளங்கலைப் படிப்பு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் பெயரைத் தேடி அலையாமல், அந்த வேலைக்குள் நுழைய எந்த வாசல் அவளுக்குப் பொருந்தும் என்று பார்ப்போம்.

முதலில் அவள் எதில் மயங்கியிருக்கிறாள் என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது புரிந்தால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும். நெதர்லாந்தில் நைமேகன் என்று ஓர் ஊர். அங்கே மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்த 8 பேருக்கு, அவரவர் ரத்தத்திலிருந்தே எடுத்து வளர்த்த நோய் எதிர்ப்புச் செல்களைத் திரும்ப ஊசி மூலம், எதிர்ப்புச் செல்கள் கூடும் நிணநீர் முடிச்சுக்குள் செலுத்தினார்கள். இவை ஸ்டெம் செல் இல்லை, ஆனால் எம்.ஆர்.ஐ.யில் தேடும் முறை ஒன்றுதான். முடிச்சுக்குள் போனால்தான் அந்தச் செல்களால் மற்ற எதிர்ப்புச் செல்களைப் பழக்க முடியும். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, கைதேர்ந்தவர்கள்தான் ஊசி போட்டார்கள். ஆனால் அந்தச் செல்களுக்கு முன்கூட்டியே மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களை ஊட்டியிருந்ததால், பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது செல்கள் இருக்கும் இடம் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது. 8 பேரில் 4 பேருக்கு ஊசி முடிச்சுக்குள் போகவே இல்லை, பக்கத்துக் கொழுப்பில் இறங்கியிருந்தது. எம்.ஆர்.ஐ. எடுக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "சிகிச்சை பலிக்கவில்லை" என்று எழுதி ஃபைலை மூடியிருப்பார்கள், மருந்து சேர வேண்டிய இடத்துக்கே போகவில்லை என்பது யாருக்கும் தெரிந்திருக்காது. 2005-ல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் யோலாண்டா டி ஃப்ரீஸ் என்ற பெண் விஞ்ஞானி. மகளிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள், அவளுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தாலும் நீங்கள் சொல்வதில் ஒரு சந்தோஷம் இருக்கும்.

சரி, இதில் யார் யாருக்கு வேலை? இங்கேதான் நிறைய பேர் தப்பாகப் புரிந்துகொண்டு, "பயோடெக்னாலஜி எடுத்தால் போதும்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். எம்.ஆர்.ஐ. அடிப்படையில் உடம்பில் இருக்கும் தண்ணீரின் ஹைட்ரஜனைக் கேட்கும் கருவி. செலுத்திய செல்லும் உடம்பின் செல்லும் அதற்கு ஒன்றுபோலத்தான், அதனால் அடையாளம் ஒட்ட வேண்டியிருக்கிறது, ஒரு செல்லுக்கு சில பத்து பிகோகிராம் (கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) இரும்பு. அந்த அடையாளத்தைச் செய்வது வேதியியல் படித்தவரின் வேலை. இந்தத் துறை நம்பியிருந்த ஃபெரிடெக்ஸ் என்ற இரும்பு மருந்து 2008 வாக்கில் சந்தையிலிருந்தே போய்விட்டது, ஆராய்ச்சியாளர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். 2012-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஒரு குழு, ரத்தசோகைக்குக் கொடுக்கும் ஃபெருமாக்ஸிடால், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின், அந்த ஹெப்பாரினை முறிக்கக் கொடுக்கும் புரோட்டமின், இந்த மூன்றையும் கலந்தால் தானாகவே சேர்ந்து செல்லுக்குள் நுழையும் துகள் ஆகிறது என்று காட்டியது. மூன்றுமே ஏற்கனவே மருத்துவமனையில் புழங்கும் மருந்துகள்! புது மருந்தாக இருந்தால் அனுமதி வாங்கவே வருடக்கணக்காகும், இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று பாருங்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

அப்புறம் இயற்பியல். இரும்பு தரும் கறுப்புப் புள்ளியில் ஒரு பெரிய சிக்கல் உண்டு: பழைய ரத்தக்கசிவும் கறுப்பாகத்தான் தெரியும், செல் செத்துப்போய் அதன் இரும்பை வேறொரு செல் விழுங்கினாலும் கறுப்பாகத்தான் தெரியும். அதனால் சிலர் இரும்பை விட்டு ஃப்ளூரினுக்குப் போனார்கள். நம் உடம்பில் எம்.ஆர்.ஐ.க்குத் தெரியும்படியான ஃப்ளூரின் கிட்டத்தட்ட கிடையாது, எனவே எங்கே சமிக்ஞை வருகிறதோ அது நாம் அடையாளம் இட்டது மட்டும்தான். 3 டெஸ்லா காந்த வலிமை கொண்ட எம்.ஆர்.ஐ. கருவியில் ஹைட்ரஜன் சுமார் 128 மெகாஹெர்ட்ஸில் பேசும், ஃப்ளூரின் சுமார் 120-ல் பேசும், அதைக் கேட்கத் தனிக் காயில் (சமிக்ஞையைப் பிடிக்கும் கம்பிச்சுருள்) வடிவமைக்க வேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் இதை முதன்முதலாகச் செய்து 2014-ல் வெளியிட்டார்கள். ஆனால் சமிக்ஞை பலவீனம், நிறைய செல்கள் ஓரிடத்தில் சேர்ந்திருந்தால்தான் தெரியும். இன்றுவரை முழுதாகத் தீராத பிரச்சினை இது, உங்கள் மகளுக்கு இயற்பியலும் கணக்கும் கைவருமானால் அவளுக்காகக் காத்திருக்கும் இடமும் இதுதான்.

ஆகவே என் அபிப்பிராயம் நேராகவே சொல்கிறேன்: இயற்பியல், வேதியியல், உயிரியல் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் ஆழமாக இறங்கட்டும், மற்ற இரண்டையும் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கற்கட்டும். மூன்றையும் மேலோட்டமாகத் தொடும் கவர்ச்சியான பெயர் கொண்ட படிப்பு வேண்டாம். என்னிடம் வந்த ஒரு மாணவன், ஸ்டெம் செல் என்று பெயரிலேயே இருந்த ஐந்து வருடப் படிப்பில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தான், கல்லூரி பெயர் வேண்டாம். செல் வளர்க்கும் இன்குபேட்டரை அவன் கண்ணால் பார்த்தது நான்காம் வருடத்தில், அதுவும் வேறொரு ஊருக்குச் சுற்றுலா போனபோது. அவன் அம்மா நகையை அடகு வைத்துத்தான் கட்டணம் கட்டினார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன், சேரும் முன் ஆய்வகத்தை நேரில் போய்ப் பாருங்கள்.

உங்கள் மகளுக்கு நான் முதலில் சொல்லும் இடம் சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவ அறிவியல் மற்றும் பொறியியல் துறை. 2023-ல் தொடங்கிய நான்கு வருட பி.எஸ். படிப்பு, நீட் தேவையில்லை, ஜே.இ.இ.யும் தேவையில்லை, ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்கள் நடத்தும் ஐ.ஏ.டி. நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கிறார்கள். இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் நான்கிலும் பதினைந்து பதினைந்து கேள்விகள், அவள் எடுத்த பயோ-மேத்ஸுக்கு அளந்து தைத்த சட்டை போல. அதே தேர்வில் ஐசர்களின் ஐந்து வருடப் படிப்புக்கும் போகலாம். போட்டி கடுமை, கிடைக்காவிட்டால் அழவேண்டியதில்லை: தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையான டி.என்.இ.ஏ. கவுன்சலிங்கில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங், பிறகு முதுகலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் அதற்கென்றே 2020 முதல் ஒரு தாள் இருக்கிறது. அல்லது நல்ல அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், பிறகு எம்.எஸ்சி., குறைந்த செலவில் மிகவும் கௌரவமான வழி. ரேடியாலஜி இமேஜிங் டெக்னாலஜி படித்தால் சீக்கிரம் வேலை கிடைக்கும், மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் வேலை. நல்ல வேலைதான், ஆனால் அவள் கேட்கும் ஆராய்ச்சிக்கு அங்கிருந்து வருவது சுற்றுவழி.

"பெண்பிள்ளை, கதிர்வீச்சில் வேலை செய்தால் பின்னால் குழந்தை பாக்கியத்துக்குப் பிரச்சினை வருமா" என்று கேட்டிருந்தீர்கள். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேனில் இருக்கும் வகைக் கதிர்வீச்சு எம்.ஆர்.ஐ.யில் இல்லை அம்மா. அங்கே இருப்பது காந்தம், ரேடியோ அலை. காந்தம் எப்போதும் ஆன்-ல் இருக்கும் என்பதால் இரும்புப் பொருளை எடுத்துக்கொண்டு உள்ளே போகக்கூடாது, அந்த ஒழுங்கை முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்.

பணத்தையும் காலத்தையும் மறைக்கமாட்டேன். பிஎச்.டி. வரை போகாமல் இந்தத் துறையில் சொந்தமாக ஆராய்ச்சி செய்ய முடியாது, அவளுக்கு 28 வயது ஆகிவிடும். ஆனால் பிஎச்.டி.க்கு நாம் செலவழிக்க வேண்டியதில்லை, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தகுதி பெற்று ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், 2023 ஜனவரி முதல் அதுதான் தொகை. செல்லைத் தேடும் இந்தக் குறுகிய வேலைக்கு மட்டும் நாட்டில் இடங்கள் கொஞ்சம். ஆனால் எம்.ஆர்.ஐ. தெரிந்தவருக்கு பெங்களூரில் ஸ்கேன் கருவி நிறுவனங்கள் இருக்கின்றன, செல் சிகிச்சை தெரிந்தவருக்கும் வாசல் திறக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் மரபணு மாற்றிய ஸ்டெம் செல்லால் ஹீமோபிலியா-ஏ (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) நோயாளிகள் 5 பேருக்குச் சிகிச்சை கொடுத்த முடிவு 2024 டிசம்பரில் வெளிவந்தது. இது நம் பக்கத்திலேயே நடக்கிறது.

ஒரு விஷயம், யாராவது ஸ்டெம் செல் சிகிச்சை என்று விளம்பரம் செய்யும் கிளினிக்கில் "டிரெய்னிங், சான்றிதழ்" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றைத் தவிர மற்றதெல்லாம் முறையான மருத்துவ ஆய்வுக்குள் மட்டும்தான் நடக்கலாம். அந்த எல்லையைத் தாண்டும் இடத்தின் சான்றிதழ் அவளுக்குப் பின்னால் பாரமாகும்.

இந்த மாதம் அவள் செய்ய வேண்டியது இரண்டு. 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளை இறக்கி, அதனுடன் வரும் மாதிரி மூளை எம்.ஆர்.ஐ.யைத் திறந்து ஒரு வாரம் அதோடு விளையாடட்டும். அலுக்கிறதா, நேரம் போவது தெரியவில்லையா என்று நீங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள், அவளிடம் கேட்க வேண்டாம். இரண்டாவது, ஐ.ஏ.டி. பழைய வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதி, நான்கு பாடத்துக்கும் தனித்தனி மதிப்பெண்ணை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். இயற்பியலில் எவ்வளவு, வேதியியலில் எவ்வளவு என்று பார்த்துவிட்டு எந்த வாசல் என்பதை உட்கார்ந்து பேசலாம். அன்றைக்கு அவளையும் அழைத்து வாருங்கள், அப்பாவும் வந்தால் நல்லது.