பல் வெளுப்பு: எந்த ஷேடோடு நிறுத்துவது?

கேள்வி: டாக்டர், கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாசம். நான் மாநிறம். பல் ஏ3 ஷேடாம். நேரா பிஎல்1 கேட்கலாமா?

வேண்டாம். ஷேடு கைடு என்பது பல் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிப் பட்டைகள். அதில் எழுத்து, சாயலைச் சொல்லும்: ஏ செம்பழுப்பு, பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். எண் கூடக் கூட நிறம் அடர்ந்து மங்கும். ஆனால் வெளுப்புக்கு, இந்த 16 பட்டைகளையும் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம்வரை அடுக்க வேண்டும். பி1, ஏ1, பி2, டி2, ஏ2 என்று இறங்கி சி4-இல் முடியும். உங்கள் ஏ3 அதில் ஒன்பதாவது. பிஎல் என்பது வெளுத்த பல்லுக்கான தனி ஷேடு, இந்த வரிசைக்கே வெளியே இருப்பது. மாநிறத்தில் பல் ஏற்கெனவே எடுப்பாகத் தெரியும். கண்ணின் வெள்ளையைத் தாண்டிவிட்டால் கட்டின பல்லாகிவிடும். ஏ1 தாராளம்.

முதலில் க்ளீனிங். கறை போனதும் ஷேடு பாருங்கள், அதுவே கொஞ்சம் ஏறியிருக்கும். பிறகு உங்கள் பல்லுக்கு அளவெடுத்துச் செய்த, பல்மேல் மாட்டும் ட்ரேயில் 10% கார்பமைடு பெராக்சைடு ஜெல், பல்லுக்கு ஒரு அரிசி அளவு, இரவு முழுக்க, சுமார் இரண்டு வாரம். முடித்த கையோடு தெரியும் வெளுப்பு சற்று இறங்கும். அதனால் முகூர்த்தத்துக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

கேள்வி: முன்பல் ஒன்றில் கேப் இருக்கு. அதுவும் வெளுக்குமா?

வெளுக்காது, சிமென்ட் அடைப்பும் அப்படித்தான். சொந்தப் பல்லை வெளுத்து, இரண்டு வாரம் விட்டு, அந்த நிறத்துக்குப் புதுக் கேப் செய்யச் சொல்லுங்கள். அவசரப்பட்டால் நிறமும் நிலைத்திருக்காது, பல்லில் தங்கிய ஆக்சிஜனால் பசையும் சரியாகப் பிடிக்காது.

ஷேடு எடுப்பதை வேலையின் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் உலர்ந்து பொய்யாக வெளுத்துத் தெரியும். லிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஈரப் பல்லோடு ஒட்டினாற்போல் பட்டையைப் பிடித்து ஐந்து நொடி பார்த்தால் போதும். அதற்கு மேல் கண் பழகி ஏமாற்றும். கோரைப்பல் இயற்கையிலேயே ஒரு படி அடர்த்தி. அதையும் முன்பல் நிறத்துக்கு இழுக்க நினைப்பதுதான் பல்செட் தோற்றத்துக்குக் காரணம்.

கேள்வி: சொந்த ஊர் தருமபுரி. தண்ணியால பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும். பிளீச் செய்யலாமா அண்ணா?

ஃபுளோரைடு திட்டு. பிளீச் போட்டால் முதலில் வெள்ளைத் திட்டுதான் இன்னும் வெளுக்கும். பயப்படாதீர்கள், சுற்றியுள்ள நிறமும் ஏறி வித்தியாசம் குறையும். மிச்சத்துக்கு மேற்பரப்பை லேசாக அரைத்தெடுப்பது, ரெசின் என்ற பிசினை ஊட்டுவது என்று வழி உண்டு.

கேள்வி: எலுமிச்சை தேய்த்து வெளுக்கலாமா?

வேண்டாம். எலுமிச்சை பல்லின் மேலுறையான எனாமலைக் கரைக்கும். அதற்கு உள்ளிருக்கும் டென்டின் என்ற அடுக்கின் மஞ்சள் முன்பைவிட நன்றாகத் தெரியும்.

கேள்வி: நாலு நாள் ஜெல் வைத்தேன். தண்ணி குடித்தால் கூச்சம், ஈறும் வெள்ளையா இருக்கு.

ஈறு வெளுத்தால் ஜெல் வழிகிறது. அளவைக் குறைத்து, ட்ரே மாட்டியதும் வழிந்ததைப் பஞ்சால் துடையுங்கள். ஜெல் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இடைப்பட்ட நாளில் 5% பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பேஸ்டை அதே ட்ரேயில் பத்து நிமிடம் வைத்தெடுங்கள். ஒரே ஒரு பல்லில் மட்டும் விண்விண்ணென்றால் அது சொத்தையோ விரிசலோ. ஜெல்லை நிறுத்திக் காட்டுங்கள்.