பயாலஜி படிக்காமல் பயோமெடிக்கல் போகலாமா?

கேள்வி: ப்ளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தேன், இப்போது பி.இ. இ.சி.இ. மூன்றாம் ஆண்டு. அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்ததிலிருந்து பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கில் மேற்படிப்பு படிக்க வேண்டும் என்று ஆசை. பயாலஜியே படிக்காத நான் சேர முடியுமா? எந்தத் தேர்வு எழுத வேண்டும்?
- கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: தாராளமாகச் சேரலாம், முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். எம்.டெக். சேர எழுதும் கேட் (GATE) தேர்வில் 2020லிருந்து பயோமெடிக்கலுக்கென்றே பி.எம். என்று ஒரு தனித்தாள் இருக்கிறது. அதன் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள்: கணக்கு, சர்க்யூட், சிக்னல்ஸ், அனலாக், டிஜிட்டல் என்று பெரும்பகுதி நீங்கள் ஏற்கெனவே படித்ததுதான், உடற்கூறியல், உடலியங்கியல், மெடிக்கல் இமேஜிங், பயோமெக்கானிக்ஸ், பயோமெட்டீரியல்ஸ் இவற்றைத்தான் புதிதாக உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் 3 வருடம் செல்லும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். பல இடங்களில் உங்கள் எலெக்ட்ரானிக்ஸ் துறைக்கான இ.சி. தாளையும் ஏற்கிறார்கள், ஆனால் இது இடத்துக்கு இடம் மாறும், அந்தந்த வருட அறிவிப்பை நீங்களே படித்துவிட்டு எந்தத் தாள் என்று முடிவு செய்யுங்கள். கேட் மூலம் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. கேட் கைகொடுக்காவிட்டால் அண்ணா பல்கலைக்கழக எம்.இ.க்கு சீட்டா (CEETA) நுழைவுத்தேர்வு இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக்.தான். ஐ.ஐ.டி. மெட்ராஸ், வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. ஆஸ்பத்திரிக்குள்ளேயே கற்றுக்கொள்ளும் படிப்பு அது. 1990ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய இந்தியச் செயற்கை இதய வால்வு அந்தத் திருவனந்தபுரம் நிறுவனத்தில் உருவானதுதான். இதயத்தை நினைத்துத் துறைக்கு வருகிறவர் கட்டாயம் முயற்சி செய்ய வேண்டிய இடம்.

அப்புறம், மதிப்பெண் மட்டும் போதாது. இந்த செமஸ்டரிலேயே லேபில் ஒரு இசிஜி சர்க்யூட் போட்டுப் பாருங்கள் (பேட்டரியில் மட்டும், மெயின்ஸ் இணைப்பு வேண்டவே வேண்டாம்). தோலில் கிடைப்பது ஒரு மில்லிவோல்ட் அளவுதான், ஆம்ப்ளிஃபையரில் பெரிதாக்கினால் இதயத்துடிப்புக்கு முன்னால் அறையில் இருக்கும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல்தான் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த இரைச்சலைக் குறைக்கத்தான் வலது காலில் ஒரு எலக்ட்ரோடு வைக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைக்கும். நேர்முகத்தில் இதை உங்கள் வாயால் சொல்லும்போது நீங்கள் ப்ளஸ் டூவில் எந்த குரூப் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

அடுத்த முறை அப்பாவை பேஸ்மேக்கர் செக்கப்புக்கு அழைத்துப் போகும்போது, டாக்டரிடம் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். பேட்டரியில் இன்னும் எவ்வளவு காலம் பாக்கி என்பதை அறுக்காமல், ஊசி குத்தாமல் வெளியிலிருந்தே படித்துச் சொல்லிவிடுவார்கள். அது எப்படி என்று அங்கே இருப்பவரிடமே கேளுங்கள்.