இலவச மருத்துவமும் சமமற்ற ஆயுளும்: உங்கள் ஆய்வேட்டுக் கேள்விக்கு

வணக்கம். மருத்துவம் இலவசமாகக் கிடைக்கும் பிரிட்டனில் கீழ்நிலையினர் முன்னதாக இறப்பதற்கு அவர்களுடைய பழக்கங்களே காரணம் என்று உங்கள் நெறியாளர் கூறுவதாகவும், அதை எவ்வாறு எதிர்கொள்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டன் அரசு ஊழியர்களின் பதவிநிலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த வைட்ஹால் ஆய்வுகளிலிருந்து தொடங்குவதே நல்லது. 1967இல் தொடங்கிய முதல் ஆய்வில் இடம்பெற்ற லண்டன் அரசு ஊழியர்கள் நிலையான வேலையும் தேசிய மருத்துவச் சேவையும் உடையவர்கள், வறியவர்கள் அல்லர். ஆயினும் கடைநிலை ஊழியரிடையே இதயநோய் இறப்பு, உயர் அதிகாரிகளிடையே காணப்பட்டதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்ததோடு, பதவி ஒவ்வொரு படி இறங்கும்போதும் கூடிக்கொண்டே சென்றது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் அவ்வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சி நின்றது.

1985இல் நோய்ப்பரவலியல் அறிஞர் மைக்கேல் மார்மட் தலைமையில், பெண்களையும் சேர்த்து 10,308 பேரிடம் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தம் வேலையின் மீது கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. உங்கள் நெறியாளர் கூறுவது முற்றிலும் தவறன்று. கடைநிலையினர் அதிகம் புகைத்தது உண்மைதான், ஆனால் அப்பழக்கமே ஏன் பதவிவரிசைப்படி அமைகிறது என்பதுதான் சமூகவியலின் கேள்வி. ஆகவே ஏழை, பணக்காரர் என்று இரண்டாகப் பிரிக்காமல், பதவிப் படிநிலை முழுவதையும் ஒப்பிடுங்கள்.