பந்து வராத நேரத்தில் என்ன செய்கிறார்?

ஏப்ரல் கடைசியில் என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட் முடிந்த கையோடு எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி, எறியும் பந்தை ஓடிப் பிடிக்கும் வைட் ரிசீவர்களைப் பற்றித்தான். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காக்க முட்டி மோதும் லைன்மேனைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. போகட்டும், வந்த கேள்விகளுக்கே வருகிறேன்.

எங்கள் அணி இரண்டாவது ரவுண்டில் ஒரு ரிசீவரை எடுத்திருக்கிறது. நாற்பது யார்டை 4.3 விநாடிக்குள் ஓடியவராம். என் மகன் அதற்குள் அவர் பெயர் போட்ட ஜெர்சிக்குப் பணம் கட்டிவிட்டான். ஆள் தேறுவாரா, காசு வீணா? (டல்லாஸ் வாசகர்)

ஜெர்சியைத் திருப்பித் தர வேண்டாம். ஆனால் அந்த 4.3-ஐ மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

நாற்பது யார்டு ஓட்டம் டிராஃப்டுக்கு முன் ஆட்டக்காரர்களைச் சோதித்துப் பார்க்கும்போது நடப்பது; இண்டியானாபொலிஸில், கூரை போட்ட அரங்கில். தலைக்கவசம் இல்லை, தோள் பட்டை இல்லை, எதிரே மறிக்க ஆளும் இல்லை. நேர்கோட்டில் ஒரே ஓட்டம். ஆட்டத்தில் ஒரு ரிசீவருக்கு அப்படி ஓட வாய்ப்பு எத்தனை முறை கிடைக்கும்? மாதக்கணக்கில் கிடைக்காமலும் போகலாம்.

2017-இல் ஜான் ராஸ் 4.22 விநாடியில் ஓடினார். அப்போது அதுதான் சாதனை. 2024-இல் சேவியர் வொர்தி 4.21 ஓடும்வரை நின்றது. சின்சினாட்டி அணி ராஸை முதல் ரவுண்டில் 9-வது ஆளாக எடுத்தது. முதல் சீசனில் அவர் பிடித்த பந்துகள் பூஜ்யம். அதே 2017-இல் கூப்பர் கப் 4.62 ஓடினார். ரிசீவருக்கு அது மந்தம்தான். ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்ற, பெரிய பேர் இல்லாத கல்லூரி அணியிலிருந்து வந்தவர். மூன்றாவது ரவுண்டில் 69-வது ஆளாகப் போனார். 2021 சீசனில் 145 காட்ச், அவற்றில் முன்னேறிய தூரம் 1,947 யார்டு, எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிய டச்டவுன் 16. மூன்றிலும் அந்த வருடம் அவர்தான் முதலிடம்.

அதற்காக வேகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டி.கே. மெட்காஃப் கதை உங்களுக்குப் பிடிக்கும். 2019-இல் அந்த உடம்பை வைத்துக்கொண்டு 4.33 ஓடினார். ஆனால் மூன்று கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடும் சோதனையில் 7.38 விநாடி எடுத்துக்கொண்டார். குவார்ட்டர்பேக் டாம் பிரேடி இளைஞராக இருந்தபோது அதையே 7.20-இல் முடித்திருந்தார். ஓட்டத்துக்குப் பேர்போகாத பிரேடி! எல்லாரும் சிரித்தார்கள், மெட்காஃப் 64-வது இடம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சியாட்டில் அணி என்ன செய்தது தெரியுமா? வளைந்து நெளியும் வேலையை அவருக்கு அதிகம் கொடுக்கவில்லை. நேராக ஓடு, சட்டென்று நில், அல்லது குறுக்கே வெட்டு, அவ்வளவுதான். இரண்டாவது வருடமே 1,303 யார்டு. ஆகவே உங்கள் ஆளின் வேகத்தை விசாரிப்பதைவிட, அந்த வேகத்தை வைத்து உங்கள் பயிற்சியாளர் என்ன வேலை கொடுக்கப் போகிறார் என்று விசாரியுங்கள்.

டிவியில் ஆட்டம் பார்க்கும்போது புது ரிசீவரிடம் எதைக் கவனிக்க வேண்டும்? எனக்குக் காட்ச் பிடிப்பது மட்டும்தான் கண்ணில் படுகிறது. (நியூ ஜெர்சி வாசகி)

உங்கள் கண்ணில் கோளாறு இல்லை அம்மா, கேமரா அப்படி. பந்து எங்கேயோ அங்கே அது போகும். ஒவ்வொரு முறையும் பந்து ஆட்டத்துக்கு வந்த அரை விநாடியில் ரிசீவர் திரையை விட்டு வெளியே போய்விடுவார். அவர் திரும்பி வரும்போது கையில் பந்து இருக்கும் அல்லது இருக்காது. நடுவில் நடந்ததுதான் விஷயமே.

இதை எனக்குப் புரியவைத்தவர் என் மகன் ஆடிய உயர்நிலைப் பள்ளி அணியின் பயிற்சியாளர். வெள்ளிக்கிழமை இரவு ஆட்டங்களை வீடியோ எடுக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். படிக்கட்டு வரிசையின் உச்சியில் ஒரு முக்காலி. முதல் வாரம் நானும் பெரிய சினிமாக்காரன் மாதிரி பந்தைத் துரத்தித் துரத்தி எடுத்தேன், கிட்டக் காட்டினேன், பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, பந்து எங்கே போனதென்று எனக்கே தெரியும், மற்றவர்களெல்லாம் எங்கே என்று கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து இருபத்திரண்டு பேரும் தெரிகிற மாதிரி அகலமாக வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. எங்கள் அணியில் ஒரு பையன் நல்ல ரிசீவர் என்று பெயர் வாங்கியிருந்தான். தனக்குப் பந்து வரும் என்றால் முதல் அடியே பாய்ச்சலாக இருக்கும். வராது என்றால் கிளம்பும்போதே தோள் தொங்கிவிடும். நாலு அடி நடந்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்பான். ரிசீவரைத் தடுக்கும் எதிரணிக் கார்னர்பேக் முட்டாளா என்ன? மூன்றாம் குவார்ட்டர் வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டான். இவன் நடந்தால் அவன் உடனே இவனை விட்டுவிட்டுப் பந்தோடு ஓடுபவனைப் பிடிக்கப் போனான். இவன் பாய்ந்தால் ஒட்டிக்கொண்டான். பையனுடைய சோம்பல் எங்கள் அணியின் மொத்தத் திட்டத்தையும் எதிரணிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

அதனால் என் முதல் சோதனை இன்றுவரை இதுதான்: பந்து தனக்கு வராத முறைகளில் அவர் எப்படிக் கிளம்புகிறார்? எல்லா முறையும் ஒரே மாதிரிக் கிளம்புகிறாரா? ஆட்டத்துக்கு நேரில் போனால் பந்தைப் பார்க்காமல் பத்து நிமிடம் அவரை மட்டும் பாருங்கள். வீட்டில் என்றால், உயரத்திலிருந்து மொத்த மைதானமும் தெரியும்படி எடுத்த படத்தை லீக்கே சந்தாவுக்குக் கொடுக்கிறது.

அப்புறம் கால். என்.எஃப்.எல்.லில் முதல் ஐந்து யார்டுக்குள் தடுப்பவர் ரிசீவரின் மேல் கை வைத்துத் தள்ளலாம். கல்லூரியில் பல நட்சத்திரங்களுக்கு எதிரே இருப்பவர் ஏழெட்டு யார்டு தள்ளி நிற்பார்; பையன் சிரமமில்லாமல் ஓடிவிடுவான். இங்கே மூக்குக்கு முன்னால் நின்று நெஞ்சில் கை வைப்பார்கள். அந்தக் கையைத் தட்டிவிட்டு, தடுப்பவரை ஒரு பக்கம் சாயவைத்து, மறுபக்கம் நுழைய வேண்டும். இதில் திணறுகிறவருக்கு அதன்பிறகு உள்ள வேகம் எதற்கும் உதவாது. பந்தை எறிய குவார்ட்டர்பேக்குக்கு இருப்பதே மூன்று விநாடி சொச்சம்.

அடுத்தது நிற்பது. ஆமாம், ஓடுவது இல்லை, நிற்பது. பன்னிரண்டு யார்டு ஓடித் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்லவர் இடுப்பைத் தாழ்த்தி இரண்டு மூன்று அடியில் நின்றுவிடுவார், கடைசி அடிவரை நெஞ்சு முன்னோக்கியே இருக்கும். அரைகுறை ஆள் முதுகை நிமிர்த்தி, குட்டி குட்டியாக ஐந்தாறு அடி வைத்து பிரேக் போடுவார். அந்த நிமிர்வைப் பார்த்தவுடன் கார்னர்பேக்கும் நின்றுவிடுவார். ஜெர்ரி ரைஸை 1985-இல் வேகம் போதாது என்று பலர் யோசித்தார்கள். 16-வது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார், அவருக்கு முன்னாலேயே இரண்டு ரிசீவர்கள் போயாகிவிட்டது. கடைசியில் 1,549 காட்ச், 22,895 யார்டு. முழு வேகத்தில் வந்து திரும்பும்போதும் வேகம் குறையாத கால்கள் அவருடையவை.

பயிற்சி ஆட்டங்களில் எங்கள் புது ரிசீவர் கைக்கு வந்த பந்துகளை நழுவ விடுகிறார். இப்போதே பயமாக இருக்கிறது. (ஒஹாயோ வாசகர்)

நீங்கள் இருக்கும் மாநிலத்திலேயே பதில் இருக்கிறதே! 2021-இல் சின்சினாட்டி 5-வது ஆளாக எடுத்த ஜமார் சேஸ் ஆகஸ்ட் பயிற்சி ஆட்டங்களில் பந்து பந்தாக நழுவ விட்டார். கல்லூரிப் பந்தில் வெள்ளைக் கோடு உண்டு, சுழன்று வரும்போது கண்ணுக்குத் தெரியும், என்.எஃப்.எல். பந்தில் கோடு கிடையாது, அதனால் பழக நேரமாகிறது என்றார். ஊரே கேலி செய்தது. அந்த சீசனில் 1,455 யார்டு எடுத்தார். ரைஸும் முதல் வருடம் நழுவவிட்டு வசவு வாங்கியவர்தான். அதே டிசம்பரில் ராம்ஸ் அணிக்கு எதிராக ஒரே இரவில் 241 யார்டு.

எப்படி நழுவுகிறது என்று மட்டும் பாருங்கள். கையை நீட்டி விரல்களால் பிடிக்கப் போய், ஓடுவதற்கு முன்கூட்டியே தலையைத் திருப்பியதால் விட்டால் அது அவசரம், சரியாகிவிடும். ஒவ்வொரு பந்தையும் நெஞ்சில் வாங்கி அணைக்கிறார் என்றால் கையை அவரே நம்பவில்லை. அது எளிதில் மாறாது.

கல்லூரியில் கோட்டோரம் ஒற்றைக் காலில் பிடித்ததெல்லாம் காட்ச் ஆனது. இங்கே ஆகவில்லையே?

கல்லூரியில் ஒரு கால் உள்ளே பட்டால் போதும். இங்கே இரண்டும் பட வேண்டும். புதியவர் தொலைக்காட்சியில் காலை இழுத்து இழுத்துத் தேய்ப்பது அதற்காகத்தான்.

எத்தனை வருடம் பொறுமையாக இருக்கலாம்? (கலிஃபோர்னியா வாசகர்)

மூன்று என்பது பழைய கணக்கு. நான் இன்னும் அதை விடவில்லை. டவான்டே ஆடம்ஸ் 2014-இல் கிரீன் பே அணிக்கு இரண்டாம் ரவுண்டில் வந்தார். முதல் வருடம் 446 யார்டு, அடுத்த வருடம் 483. துரத்திவிடச் சொன்னார்கள். மூன்றாவது வருடம் 997 யார்டும் 12 டச்டவுனும்.

ஆனால் இப்போது பொறுமை குறைந்துவிட்டது. ஒப்பந்தமே நான்கு வருடம்தான். முதல் ரவுண்டு ஆளுக்கு மட்டும் ஐந்தாவது வருடத்தை அணி விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம், அந்த முடிவை மூன்றாவது சீசன் முடிந்ததுமே எடுத்தாக வேண்டும். லக்வான் ட்ரெட்வெல் 2016-இல் மினசோட்டாவுக்கு 23-வது ஆள். முதல் சீசன் முழுக்க ஒரே ஒரு காட்ச், 15 யார்டு. அதிலிருந்து அவர் எழவே இல்லை. என் கணக்கில், முதல் வருடம் யார்டு குறைந்தால் கவலையில்லை. மைதானத்துக்குள்ளேயே விடவில்லை என்றால் கவலைப்படுங்கள். தினமும் பயிற்சியைப் பார்க்கிறவர் உள்ளே விடவில்லை என்றால் நமக்குத் தெரியாத ஏதோ அவருக்குத் தெரிகிறது.

ஆறாவது ரவுண்டில் வந்தவருக்கு வாய்ப்பு உண்டா?

அணியில் இடம் கிடைப்பதே பாடு. சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமில் 90 பேர், சீசனுக்கு 53 பேர். அதில் ரிசீவர்களுக்கு ஐந்து அல்லது ஆறு இடம். ஐந்தாவது ஆளும் ஆறாவது ஆளும் பந்து பிடித்து அணிக்குள் வருவதில்லை. பன்ட் (பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்துவிடுவது) உதைக்கும்போது எதிரே ஓடிப்போய் ஆளை விழத்தட்டித்தான் வருகிறார்கள். முடியவில்லை என்றால் 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவில் இடம் தேட வேண்டும்.

அப்புறம், யாராவது காயப்பட்டுக் காலியிடம் வந்தால் அதுவும் ஒரு வாய்ப்பு. 2023-இல் ராம்ஸ் ஐந்தாம் ரவுண்டில் 177-வதாக எடுத்த பூகா நகுவாவை எண்ணிப் பாருங்கள். சீசன் தொடங்கும்போது மேலே சொன்ன கூப்பர் கப் காயத்தில் நான்கு ஆட்டம் வெளியே. முதல் ஆட்டத்திலேயே நகுவா 10 காட்ச். வருட முடிவில் 1,486 யார்டு. 1960-இலிருந்து யாரும் தொடாத புதியவர் சாதனை உடைந்தது. திறமை அவருடையது, கதவைத் திறந்தது இன்னொருவர் தசைநார்.

எங்களுக்கு இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் கணிப்பு எத்தனை பலித்தது? (சிகாகோ வாசகர்)

இதை யாரோ கேட்கத்தான் போகிறார்கள் என்று தெரியும். 2020 டிராஃப்டுக்கு முன்னால் என் நோட்டில் ஜேலன் ரேகர் பெயருக்கு நேராக இரண்டு டிக். ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு ஒன்றே ஒன்று. காரணமும் எழுதியிருக்கிறேன்: "கடைசி வருடம் உள்பக்கம் நின்றே ஆடினார், நெஞ்சில் கை வைத்தால் என்ன செய்வார் பார்க்கவில்லை." பிலடெல்ஃபியா 21-வதாக ரேகரை எடுத்தது, அடுத்த இடத்தில் மினசோட்டா ஜெஃபர்சனை எடுத்தது. முதல் சீசனில் ரேகர் 396 யார்டு, ஜெஃபர்சன் 1,400. நான் பார்க்காததைப் பலவீனம் என்று எழுதிவிட்டேன், அவ்வளவுதான் நடந்தது. அந்த நோட்டு இப்போது என் மகன் வசம். ஒவ்வொரு ஏப்ரலிலும், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், அந்தப் பக்கத்தை விரித்து மேசையில் வைத்துவிட்டுப் போவான்.